பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் கல்லூரி

மகளுக்காக இரண்டு தனியார் கல்லூரிகளை அலசினோம். காவிரிப் பாலம் தாண்டித் திருச்சிக்குள் இருந்ததற்கு ஸ்ரீரங்கத்திலிருந்து டவுன் பஸ்ஸே போதும், கட்டணமும் பாதிதான். சென்னையில் இருந்ததற்கு ஹாஸ்டல் செலவு வேறு. ஆனால் வேலை நிச்சயம் என்றார்கள். சென்னையில் சேர்த்தோம். சொன்னபடியே வேலையும் கிடைத்தது, அங்கேயே. எங்கள் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. எனக்கு எரிச்சலே அதுதான்.

பாலம் தாண்டி வீடு திரும்புகிறவரிடம் எங்கள் ஊரில் முதல் கேள்வி, "ஆத்துல தண்ணி வந்துடுச்சா?" என்பதுதான். பள்ளிக்கூட நாட்களில் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவந்து அவள்தான் எனக்குச் சொல்வாள்.

நேற்று போனில் கேட்டாள், "அப்பா, ஆத்துல தண்ணி வந்துடுச்சா?"

"இரும்மா, பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு பாலத்துக்குக் கிளம்பினேன்.