சார்ட்டில் மீன் என்று எழுதினேன்

எடை குறைக்கச் சொல்லிக்கொடுக்கிற வேலையில், மெஷின்மேல் ஏறி நிற்பவரைவிட எதிரில் நிற்கிற நமக்குத்தான் நெஞ்சு படபடக்கும். மூலக்குளத்தில் ஒரு லேடீஸ் ஜிம்மில் நாலு வருஷமாக டயட் சார்ட் எழுதுகிறேன். சோற்றைக் குறைக்கணும், ஆனால் புரோட்டீன் குறையக் கூடாது. குறைந்தால் கொழுப்போடு சதையும் கரைந்து ஆள் சுருண்டுவிடுவார். நீங்களும் இதில் மாட்டி முழித்தவர் என்றால் என் பயம் புரியும்.

புரட்டாசி முட்டை

நெல்லித்தோப்பு டீச்சர் ஒருவருக்குக் காலையில் மூணு முட்டை என்று எழுதியிருந்தேன். எடை கிடுகிடுவென்று இறங்கியது. நானும் பூரித்துப்போனேன். ஒருநாள் டிரெட்மில்லில் நடந்துகொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். ஐயோ, எனக்கு உயிரே போய்விட்டது! தண்ணீர் தெளித்து, மோர் கொடுத்து உட்காரவைத்து விசாரித்தால், புரட்டாசி பிறந்ததிலிருந்து முட்டையைத் தொடவில்லையாம். பதிலுக்குப் பருப்பு, பயறு எதுவும் கிடையாது, வெறும் வெள்ளரிக்காய். "ஏன் மேடம் எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"பெருமாளுக்காக விட்டது, அவருக்குத் தெரிஞ்சா போதாதா?"

ஏசி ரூம்

அதோடு உஷாராகிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அப்புறம் வந்தார் வசந்தாக்கா. வீராம்பட்டினம், மார்க்கெட்டில் மீன் விற்பவர். முட்டிவலிக்கு எடை குறைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். பிபி மாத்திரையும் போடுகிறவர். மீன்காரம்மாவுக்குப் புரோட்டீன் பஞ்சமா? ரெண்டு வேளையும் மீன் என்று எழுதினேன். "பொரிக்காதீங்க, குழம்பா வைங்க" என்று சொன்னதோடு என் கடமை முடிந்தது. அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

"மீன் துன்னச் சொல்றதுக்கு ஏசி ரூம் போட்டு ஒரு ஆளா?"

செருப்பு வார்

மூணாவது வாரம் எடை ஏறியிருந்தது. குனிந்து பார்த்தால் ரெண்டு காலும் வீங்கி, செருப்பு வார் பள்ளமாகப் பதிந்திருந்தது. "தலை கிறுகிறுங்குதும்மா" என்றார். பிபி பார்த்தேன். மெஷின்தான் தப்போ என்று மறுபடியும் பார்த்தேன். அதே எகிறிய நம்பர்தான். "அக்கா, என்ன மீன் சாப்பிட்டீங்க?"

கருவாடாம். நல்ல மீன் விற்பனைக்குப் போய்விடும், விற்காதது உப்பில் புரண்டு காயும், காய்ந்ததுதான் வீட்டுக்கு. முன்பெல்லாம் எப்பவாவது ஒரு துண்டு. இப்போது என் பேச்சைக் கேட்டு ரெண்டு வேளையும், ஒருநாள் விடாமல்!

ஆட்டோவில் நானே கூட்டிப்போனேன். அட்மிட் செய்துவிட்டார்கள். ஓடிவந்த அவர் மகளை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அக்காவுக்கு ஏதாவது ஆனால் கொன்றது நான்தான். ஓனருக்குப் போன் போட்டேன். அவங்க எப்படி இருக்காங்க என்று கேட்பார் என்று பார்த்தேன்.

"சார்ட்ல நம்ம ஜிம் பேரு இருக்கா?"

நாலாம் நாள்

பிபி இறங்கி, டிஸ்சார்ஜ் ஆகி அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார். போய்ப் பார்த்தேன். வாசலிலேயே அழுதுவிட்டேன். "பிபி இருக்குன்னு தெரிஞ்சும் உப்பைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லாம விட்டுட்டேன்க்கா" என்றேன். பக்கத்தில் உட்காரவைத்து என் கையைப் பிடித்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"என்னா துன்னணும்னு அவ்ளோ சொன்ன, எங்க வூட்டுல என்னா இருக்குதுன்னு ஒரு வார்த்த கேட்டியாம்மா?"

இப்போதெல்லாம் வருகிறவர்களின் சமையலறையைக் குடைந்து விசாரிக்காமல் பேனா மூடியைத் திறப்பதில்லை. முதுகுக்குப் பின்னால் என்னை 'சிஐடி' என்கிறார்களாம், சொல்லிவிட்டுப் போகட்டும்.