எட்டு வீட்டுக்கு ஒரு லைன்

மலேசியாவில் ரந்தாவ் ஊர்ப் பக்கத்துத் தோட்டக் குடியிருப்பொன்றில், குமுதவல்லி வீட்டுக்கு மட்டும்தான் ஃபைபர் இன்டர்நெட் லைன் வந்தது. கம்பத்துப் பெட்டியில் ஒரே ஓர் இணைப்புக்குத்தான் இடமிருந்தது. வேறொருத்தியாக இருந்தால் பாஸ்வர்டை முந்தானையில் முடிந்துகொண்டிருப்பாள். இவளோ வரிசையிலிருந்த எட்டு வீட்டுக்கும் கொடுத்துவிட்டாள்.

பாலர் பள்ளியில் பதினொரு வருடம் உதவியாளராகப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்தவள், டிப்ளோமா முடித்தால் ஆசிரியை ஆகலாம் என்று நாற்பத்திரண்டு வயதில் படிக்க உட்கார்ந்தாள். எல்லாம் தேறி, வீடியோவில் நடக்கும் வாய்மொழித் தேர்வு மட்டும் பாக்கி. போன தடவை பாதியில் படம் நின்றுபோய்த் தோற்றாள். இது கடைசி வாய்ப்பு. இருந்தும், "கொஞ்ச நேரம் நிப்பாட்டுங்க" என்று அக்கம்பக்கத்தில் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதா என்ற கூச்சம். நல்ல கூச்சம் போங்கள்!

சனிக்கிழமை காலை பத்து மணி. வீட்டுக்கு வீடு சினிமாவும் கேமும் ஓடின. இரண்டாம் கேள்வியிலேயே தேர்வாளர் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டார். "ஹலோ, ஹலோ" என்று குமுதவல்லி பதறியது சுவர் தாண்டிப் பக்கத்து வீட்டுப் புனிதாவுக்குக் கேட்டது. அவள் வாசலுக்கு ஓடிவந்து போட்ட சத்தத்தில் தோட்டமே அதிர்ந்தது.

"அக்காவுக்குப் பரீட்சை நடக்குது லா! எல்லாரும் லைன மூடுங்க, அப்பத்தான் அக்கா டீச்சராவாங்க!"

படம் தெளிந்தது. அரைமணி நேரம் ஒரு சொல்கூட அறுபடவில்லை. கடைசியில் தேர்வாளர் சிரித்தபடி, "தேறிட்டீங்க, டீச்சர்" என்றார்.

குமுதவல்லி வெளியே வந்தாள். அத்தனை பேரும் போனை அணைத்துவிட்டு அவள் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு பாஸ்வர்டைத் தவிர இவர்களுக்கு நான் என்ன கொடுத்துவிட்டேன் என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. கடைசி வீட்டு சன்னாசி மட்டும் இடுப்பில் துண்டும், தலையெல்லாம் காய்ந்த சோப்புமாக நின்றார்.

"என்ன மாமா இது கோலம்?"

"லைன மூடுனா நீ டீச்சராயிடுவேன்னு புனிதா சொல்லுச்சு. எங்கிட்ட போனா கீனா இருக்கு? குளிச்சிக்கிட்டிருந்தேன், தண்ணி லைன மூடிட்டேன். இப்பத் தொறக்கலாமாம்மா?"

வரிசையே விழுந்து விழுந்து சிரித்தது. குமுதவல்லியும் சிரிக்கத்தான் பார்த்தாள், அழுகைதான் வந்தது.

"தொறங்க மாமா," என்றாள். "டீச்சராயிட்டேன்."