மெடிக்கல்காரரின் வியாழக்கிழமை

ஏம்பலத்தில் தேவேந்திரன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. 'மெடிக்கல்காரர்' என்று கேட்க வேண்டும். மாத்திரை விஷயத்தில் மனுஷன் படு கறார். டாக்டர் சீட்டு இல்லாமல் வந்தால் சொந்த மச்சானே ஆனாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். ஊரையெல்லாம் சீட்டு கேட்டவர் தன்னிடம் மட்டும் கேட்காமல் விட்டார்.

கரும்பு லாரிக்கு ஒதுங்கப் போய் வண்டியோடு விழுந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. வலி மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டார். வலி போனது, மாத்திரை போகவில்லை. 'எனக்குத் தெரியாத மருந்தா? நானே குறைத்துக்கொள்கிறேன்' என்று அமாவாசைக்கு அமாவாசை சபதம். படித்த படிப்பு சபதம் போடத்தான் உதவியது. ஒருநாள் சர்க்கரை மாத்திரை கேட்டவரிடம் பிரஷர் மாத்திரையை நீட்டிவிட்டார். சட்டென்று பார்த்து மாற்றிக் கொடுத்துவிட்டார்தான், ஆனாலும் பயந்துபோனார்.

இப்படி மாத்திரையில் மாட்டிக்கொண்ட மருந்துக்கடைக்காரர்களுக்கே ரகசியமாக உதவும் ஒரு குழு இருப்பதாகக் கேள்விப்பட்டுக் கூப்பிட்டார். எடுத்தவள் சுகன்யா. வில்லியனூரில் கடை வைத்திருப்பவள், இதே குழியில் விழுந்து எழுந்தவள்.

"நீங்களா சொல்ற வரைக்கும் உங்க பேரு என் வாயில வராதுண்ணா" என்றாள். டாக்டரிடமும் சேர்த்துவிட்டாள். வியாழன்தோறும் போய்வந்தார். முகம் தெளிந்தது.

ஊர் சும்மா இருக்குமா? மழமழவென்று சவரம் செய்து, வியாழக்கிழமை மட்டும் பஸ் ஏறும் ஆம்பளைக்கு ஊர் ஒரே காரணம்தான் வைத்திருக்கிறது. அது மனைவி மகாலட்சுமி காதுக்கு வந்தது. அவர் குளிக்கப் போன நேரம் அவர் போனை எடுத்து, அதில் அடிக்கடி பேசியிருந்த நம்பருக்கு அதிலிருந்தே அடித்தாள்.

"ஏம்பலம் தேவேந்திரனத் தெரியுமா உனுக்கு?"

"அப்படி யாரையும் தெரியாதும்மா."

"அவரு போன்ல இருந்துதான்டி பேசறேன்!"

"ராங் நம்பரா இருக்கும்மா" என்று சுகன்யா வைத்துவிட்டாள். மகராசி, வாக்கைக் காப்பாற்றினாள். இங்கே குடும்பம் கவிழ்ந்தது.

அவர் கடை திறந்த கையோடு, மடுகரையில் இருக்கும் தாய்வீட்டுக்குக் கிளம்பிய பையுடன் மகாலட்சுமி கல்லா முன்னால் வந்து நின்றாள். "யோவ், யாருய்யா அவ?"

சின்ன வீடு வைத்த மெடிக்கல்காரரிடம் ஊர் மருந்து வாங்கும். மாத்திரைக்கு அடிமையானவரிடம் வாங்குமா? 'ஆமாம், சின்ன வீடுதான்' என்று சொன்னால் கடை தப்பிக்கும், இவள் போய்விடுவாள். தேவேந்திரன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, விழுந்த நாளிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போதே அழுதுவிட்டார்.

மகாலட்சுமி கல்லாவைச் சுற்றி உள்ளே வந்தாள்.

"இன்னொருத்தியா இருந்தா முடியப் புடிச்சி இழுத்துனு வந்திருப்பேன். மாத்திரகூட எப்பிடிய்யா சண்ட போடறது?"

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பையைக் கீழே வைக்காமலே கேட்டாள்:

"வியாழக்கெழம எத்தினி மணிக்கு பஸ்ஸு?"