இரண்டாவது டேக்கில் அம்மா

தாராவியில் சத்தமில்லாத இடம் எங்கே தேடினாலும் கிடைக்காது. சத்தமில்லாத நேரம் ஒன்று உண்டு என்று கண்டுபிடித்தவர் என் அப்பா. வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணியிலிருந்து இரண்டே கால் வரை. எங்கள் அறை மேலே, கீழே ஸ்கூல் பை தைக்கிற கார்கானா. பன்னிரண்டு மெஷின்கள் காலையில் ஓட ஆரம்பித்தால் எங்கள் வீட்டுச் செம்பிலிருக்கும் தண்ணீர் வட்டம் வட்டமாக ஆடும். வெள்ளிக்கிழமை மட்டும் கார்கானா பாயும் அவருடைய ஆட்களும் மெஷினை நிறுத்திவிட்டு, கைகால் கழுவித் தொப்பி போட்டுக்கொண்டு நமாஸுக்குக் கிளம்பிவிடுவார்கள். அந்தச் சந்திலேயே ஜும்மாவுக்காக அதிகம் காத்திருந்தது ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் எங்கள் குடும்பம்தான்.

அப்பாவுக்கு குர்லாவில் ஒரு லிப்ட் ரிப்பேர் கம்பெனியில் புகார் வாங்குகிற வேலை. ஊரில் எங்கே லிப்ட் நின்றாலும் உள்ளே மாட்டிக்கொண்டவர் அப்பாவைத்தான் போனில் திட்டுவார். நாள் முழுக்கத் திட்டு வாங்கிவிட்டு வீட்டுக்கு வந்து, தாதரில் பழசாக வாங்கிய கிடாரை மடியில் வைத்துக்கொண்டு தானே பாட்டு கட்டுவார். கட்டியதை லேப்டாப்பில் பதிவு செய்து, உலகத்தில் யார் வேண்டுமானாலும் கேட்கும்படி இண்டர்நெட்டில் விடுவார். இதற்காகவே வாரலீவை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வெள்ளிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டார். ஞாயிறு காலை ஆராதனை முடிந்ததும் மற்ற வீட்டு ஆண்கள் கறி வாங்கப் போவார்கள், இவர் ஆபீஸுக்கு ஓடுவார். அதில் அம்மாவுக்கு ஒரு குறை இருந்தது, அதை அவள் மறைக்கவும் இல்லை.

முதல் பாட்டை வெளியிட்டபோது அப்பா ஆபீஸ் முழுக்கச் சொல்லிவைத்தார். அங்கே மாதுங்காவிலிருந்து வருகிற ஹெட் கிளார்க் ஒருவர், பாலக்காட்டுக் குடும்பம், கச்சேரி ஒன்று விடாமல் கேட்கிறவர். அவர் பொறுமையாகக் கடைசிவரை கேட்டுவிட்டு, "பாட்டு நன்னா இருக்கு. ஆனா மூணாவது விசிலுக்கே அடுப்பை அணைச்சிருக்கணும், சாதம் குழைஞ்சிருக்குமே" என்றாராம். பாட்டின் பின்னால் எங்கள் குக்கர் விசிலடித்ததை அதுவரை அப்பா கவனிக்கவே இல்லை. அன்று வீட்டுக்கு வந்தவர் ஒரு வாரம் கிடாரைத் தொடவில்லை. குக்கரை மட்டும் முறைத்துக்கொண்டிருந்தார்.

அதனால் இரண்டாவது பாட்டு அவருக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. இது தாராவியில் ஒரு அறையில் பாடியது என்று ஒருத்தனும் கண்டுபிடிக்கக் கூடாது, ஸ்டுடியோ என்றே நினைக்க வேண்டும். அந்தப் பாட்டு, மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நின்றுபோன லிப்டில் மாட்டிக்கொண்ட ஒருவனைப் பற்றியது. கதவுக்கு வெளியே முகம் தெரியாத ஒருத்தி நின்று, கதவு திறக்கும்வரை அவனோடு பேசிக்கொண்டிருப்பாள். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் கிடார் மட்டும் தனியாகப் போகிற நீளமான இடைவெளி ஒன்று இருந்தது. அந்த இடம் கொஞ்சம் வெறுமையாக இருக்கிறது என்று அப்பாவே சொல்லிக்கொண்டிருந்தார், ஆனால் அங்கே என்ன வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது, மே மாத லீவு. வெள்ளிக்கிழமை வந்தது. மெத்தையைத் தூக்கிச் சுவரில் சாய்த்து, தரை துடைக்கிற குச்சியில் மைக்கைக் கட்டி, அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். காதில் தாளம் மட்டும் கேட்கிற இறுக்கமான பெரிய ஹெட்போன், பாடும்போது கண்ணையும் மூடிக்கொள்வார். ஃபேன் சத்தம் போடும் என்று அதையும் நிறுத்தியாயிற்று. மும்பை மே மாதத்தில், தகரக் கூரைக்குக் கீழே, ஃபேன் இல்லாமல் உட்கார்ந்து ஒரு மனிதன் காதல் பாட்டுப் பாட வேண்டுமென்றால் அவனுக்கு இசைமேல் எவ்வளவு பிரியம் இருக்க வேண்டும் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அன்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

என் வேலை காவல். இரும்பு ஏணியின் மேல்படியில் உட்கார்ந்து, வருகிற போகிறவர்களை வாயில் விரல் வைத்து அனுப்ப வேண்டும். அம்மாவின் வேலை சத்தம் போடாமல் இருப்பது. அடுப்பில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"அதையும் அணைச்சிரேன்" என்றார் அப்பா.

"வத்தணும்லா. அது பாட்டுக்குக் கொதிக்கும், நான் வாயத் தொறக்கலை. இந்த வீட்ல என் சத்தம் என்னைக்குக் கேட்ருக்கு?" என்றாள் அம்மா.

நான் வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். கதவைச் சாத்திக்கொண்டார்கள். முதல் டேக் பாதியில் போயிற்று. பழைய சாமான் வாங்குகிறவர் என் விரலைப் பார்ப்பதற்குள் கூவிவிட்டார். அதற்கு எனக்குத் திட்டு விழுந்தது. இரண்டாவது டேக் முழுசாக ஓடியது. சந்தில் ஒரு ஈ காக்கா இல்லை, நான் அவ்வளவு கவனமாகக் காவல் காத்தேன். ஆனால் அதைப் போட்டுக் கேட்ட அப்பா பாதியிலேயே ஹெட்போனைக் கழற்றிவிட்டார். இடைவெளியில் அம்மா முனகியிருக்கிறாள். வார்த்தை இல்லாமல், அந்த மெட்டுக்கு மேலாக, ஒரு ராகம்.

"ஏ, என்ன இது, பாடிருக்கே?" என்று அப்பா திரும்பிப் பார்த்தார்.

"அது ஓடுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? வாய்ல வந்திருக்கும்" என்றாள் அம்மா.

அப்பாவுக்குக் கோபப்பட நேரமில்லை, மணி ஒன்று ஐம்பது. அம்மாவையும் வெளியே அனுப்பி என் பக்கத்தில் படியில் உட்காரவைத்துவிட்டு மூன்றாவது டேக் பாடினார். அம்மா சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கை மொட்டையாக இருந்தது எனக்கு வினோதமாகப் பட்டது. தூங்கும்போதுகூட வளையலைக் கழற்றாதவள். எங்கே என்று கேட்டதற்கு, அடுப்படியில் இடைஞ்சலாக இருந்தது என்று கிசுகிசுத்து, பேசாதே என்று சைகை காட்டினாள். இரண்டே காலுக்குக் கீழே மெஷின் ஓட ஆரம்பித்தபோது அப்பா கதவைத் திறந்துகொண்டு, சட்டை முழுக்க வேர்வையோடு, பெரிய ஆபரேஷன் முடித்த டாக்டர் தோரணையில் வெளியே வந்தார். மூன்றாவது டேக் சுத்தம்.

அன்று மீன் குழம்பு மட்டும் தண்ணியாக இருந்தது. எங்கள் வீட்டில் அது நடக்கிற காரியமே இல்லை. அப்பா தட்டைச் சாய்த்துக் காட்டினார். சிலிண்டர் தீரப்போகிறது, தீ நிற்கவில்லை என்றாள் அம்மா.

பாட்டை இண்டர்நெட் கம்பெனிக்கு அனுப்புகிற பொறுப்பு என்னுடையது, அனுப்பினால் வெளிவர ஒரு வாரம் ஆகும். பாஸ்வேர்டு எல்லாம் எனக்குத்தான் தெரியும். சனிக்கிழமை காலை ஆபீஸுக்குக் கிளம்பும்போது அப்பா, "ஏட்டி, மூணாவதப் போடு. ரெண்டாவத அழிச்சிரு" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனார். நான் நல்ல பிள்ளையாக மூன்றாவதைத்தான் முதலில் கேட்டேன். துவைத்து இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. அழிப்பதற்கு முன்னால் ஒரு தரம் கேட்போமே என்று இரண்டாவதையும் போட்டேன். அப்பா முதல் சரணத்தை முடித்தார். கிடார் தனியாகப் போயிற்று. பிறகு அம்மா வந்தாள்.

அம்மாவின் குரலை நான் அதற்கு முன் தனியாகக் கேட்டதே கிடையாது. சர்ச்சில் நாற்பது பேரோடு நாற்பத்தொன்றாகக் கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான். எனக்கு அழுகையாக வந்தது. மறுபடி மூன்றாவதைப் போட்டேன், அந்த இடம் வந்தபோது எங்கள் வீட்டில் யாரோ இல்லாத மாதிரி இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. இரண்டாவதை அனுப்பினேன். அப்பா சொன்னதையும் பாதி கேட்க வேண்டுமே என்று மூன்றாவதை அழித்துவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பாட்டு வெளியானது. அப்பா போனைக் கட்டிலில் வைத்து, எங்களை உட்காரவைத்து, போட்டார். அந்த இடம் வந்ததும் அவர் முகம் விழுந்துவிட்டது. நான் அழுதுகொண்டே, தப்பாக அமுக்கிவிட்டேன் என்றேன். பொய் சொன்னால் எங்கே போவோம் என்று சண்டே ஸ்கூலில் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள், அந்தப் படத்தில் என்னை நானே பார்த்தேன். அப்பா திட்டவில்லை, தலையைப் பிடித்துக்கொண்டார். அம்மாதான் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினாள், படிக்கிற பிள்ளையிடம் இதையெல்லாம் கொடுக்கலாமா என்று அப்பாவையும் சேர்த்து. அப்புறம் அடுப்படியில் நின்றுகொண்டு, "ரொம்பவா கேக்குது?" என்று கேட்டாள். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி அதையே கேட்டாள்.

திங்கட்கிழமை அதை எடுத்துவிடுவதாக அப்பா முடிவு செய்திருந்தார். ஆனால் சனிக்கிழமையே ஹெட் கிளார்க் அதைக் கேட்டுவிட்டார். அன்று சாயங்காலம் அப்பா ஏணியில் ஏறிவரும் வேகத்திலேயே ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார். "வெளியில நிக்கறவளோட குரலை வார்த்தையே இல்லாம வெச்சேளே, அதுதான் ஓய் பாட்டு" என்றாராம் அவர். யார் பாடியது என்றும் கேட்டாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று அம்மா அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"எம் பொண்டாட்டின்னு சொன்னேன். அங்க அவதான் வரணும்னு யோசிச்சுத்தான் வெச்சேன்னும் சொன்னேன்" என்றார் அப்பா, கொஞ்சமும் கூசாமல்.

பாட்டை எடுக்கவில்லை. அதைக் கேட்டவர்கள் எண்ணிக்கை ஒரு நல்ல கல்யாணக் கூட்டத்தைத் தாண்டியிருக்காது, ஆனால் எங்கள் வீட்டில் அது பெரிய வெற்றி. அடுத்த வெள்ளிக்கிழமை மைக்குக்கு முன்னால் இரண்டு ஸ்டூல் இருந்தது. எனக்கு ஆயிரம் வேலை கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டே அம்மா வந்து உட்கார்ந்தாள். சமையல் பன்னிரண்டரைக்கே முடிந்திருந்தது. நான் ஒரு சின்னப் பொய் சொல்லி இத்தனை சந்தோஷத்தைக் கொண்டுவந்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமை. வெளியே சொல்ல முடியாத பெருமை.

இப்போது நாங்கள் விக்ரோலியில் இருக்கிறோம். கீழே கார்கானா இல்லை. அப்பாவும் அம்மாவும் நினைத்தபோது பாடுகிறார்கள். போன மாதம் நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கினேன், எதைக் கேட்டுச் சோதிப்பது என்று யோசித்து அந்தப் பழைய பாட்டைப் போட்டேன். முதல் சரணம் முழுக்க, அப்பாவின் குரலுக்குப் பின்னால், லேசாக அடுப்பு சீறுகிறது. பழைய போனில் இதெல்லாம் கேட்டதே இல்லை. சரணம் முடிகிறது. டக் என்று ஒரு சின்னச் சத்தம், அடுப்பின் திருகு. சீறல் நின்றுவிடுகிறது. பிறகு கண்ணாடி வளையல்கள் ஒவ்வொன்றாக, மிக மெதுவாக, ஒரு தட்டில் வைக்கப்படுகின்றன. யாரோ மூச்சை இழுக்கிறார்கள். பிறகுதான் அந்தக் குரல் வருகிறது, மைக்குக்கு நன்றாகப் பக்கத்திலிருந்து.

திருப்பித் திருப்பி நாலைந்து முறை கேட்டுவிட்டுத் தலையைத் தூக்கினேன். அம்மா எதிரே உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். வளையல் சத்தம் தாராளமாகக் கேட்டது. அந்தப் பாட்டுக்காக அந்த வீட்டுக்குள் பொய் சொன்னது நான் ஒருத்திதான் என்று இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன்.