பாதிப் பாட்டு வெளியே நின்றது

கோயிலில் யாராவது சுதி தப்பிப் பாடினால் பவுலின் முழங்காலில் இருந்தபடியே திரும்பிப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்தே பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள். அடக்கமில்லாதவள், வாய்க்காரி என்று ஊரில் பேர். பேர் வைத்தவர்கள் யாருக்கும் நாலு வரி ஒழுங்காகப் பாட வராது. அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

டிக்கோயாவுக்கு மேலே எங்கள் தோட்டம். தேயிலை ஸ்டோருக்கும் கீழ் லயத்து வரிசை வீடுகளுக்கும் நடுவில் தகரக் கூரை போட்ட அந்தோணியார் கோயில். மாதம் ஒரு ஞாயிறு டவுனிலிருந்து சாமியார் வந்து பூசை வைப்பார். நான் அங்கே மணியடிக்கிறவன். மற்ற நாளில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன். பவுலின் எங்கள் லயத்திலேயே பிறந்து, அதே லயத்தில் ஸ்டோர்க்கார இராயப்பனுக்கு வாழ்க்கைப்பட்டு, ஏழு வயதில் கொழுந்தெடுக்க இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை இன்றைக்கும் அவிழ்க்காதவள். எழுதப் படிக்கத் தெரியாது. பூசை இலத்தீனில் நடந்த காலத்தில், சாமியார் பாடினதைக் காதால் வாங்கி அப்படியே திருப்பிப் பாடுவாள். அர்த்தம் எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. ஆனாலும் கேட்கிறவனுக்கு முதுகுத்தண்டு நிமிரும்.

எங்களைக் கெடுத்தது ஆர்மோனியம். தோட்டத்து ஆபீஸில் பெரிய கிளாக்கர் சூசைரட்ணம் அதைக் கோயிலுக்கு வாங்கிக் கொடுத்தார். கொடுத்தது தப்பில்லை. ஆனால் அதை வாசிக்க அவருடைய மகள் றோசலினைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது என்றார். பாட்டும் அவர் வீட்டில்தான் தீர்மானமாகும். அந்தப் பெண் நல்ல பிள்ளை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ரேடியோவில் வரும் சினிமாப் பாட்டு மெட்டு. அதில் அப்பா சொல்லும் சாமி வார்த்தையைப் போட்டுப் பாடுவாள். கிறிஸ்துமஸ் பூசையில் ஜனம் நன்மை அப்பம் வாங்க வரிசையில் போகும்போது ஒரு காதல் பாட்டு மெட்டு வந்தது. பின்னால் நின்ற இளவட்டங்கள் பழைய வார்த்தையை முணுமுணுத்து ஒருத்தனை ஒருத்தன் இடித்துக்கொண்டார்கள். எனக்குக் கை பரபரத்தது.

பூசை முடிந்து பவுலின் நேரே பெரிய கிளாக்கரிடம் போனாள்.

"நாக்குல நன்மையை வாங்குறேன், கண்ணுக்கு முன்னால ஒருத்தி மரத்தைச் சுத்தி ஓடுறா. இது நல்லாவா இருக்குங்க ஐயா?"

அவர் சிரித்தார். "சாமி மனசைத்தான் பார்ப்பாரு பவுலின். பாட்டு எப்படி இருந்தா என்ன?"

இந்தப் பேச்சுதான் எனக்கு ஆகாது. இதே மனுஷன் கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு முத்தல் இலை கிடந்தால் கூடையையே கவிழ்க்கச் சொல்லுவார். துரை வீட்டுக்குப் போகும் தேயிலையில் தூசி இருக்கக்கூடாது. சாமிக்கு மட்டும் எதுவானாலும் போதும்.

அறுபத்தைந்தாம் வருசம், இனிமேல் பூசை தமிழில் என்று உத்தரவு வந்தது. காதால் வாங்கிய இலத்தீன் பாட்டெல்லாம் போயிற்றே என்று பவுலின் அன்றைக்கு லயத்து வாசலில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன். அவள் அழுது அதற்கு முன் பார்த்ததில்லை. சாமியார் வந்தபோது, முதல் தமிழ்ப் பூசைக்கு நுழைவுப் பாட்டைக் கொழுந்து எடுக்கும் பெண்கள் நாங்கள் பாடுகிறோம் என்று கேட்டாள். வார்த்தையையும் அவளே கட்டியிருந்தாள்.

பனி விலகுமுன்னே பாதை ஏறி வந்தோம்
பாரம் இறக்கிவைக்க உங்க வாசல் வந்தோம்

என்று தொடங்கும். சாமியார் கேட்டுவிட்டுச் சரி என்றார். ஆனால் பெரிய கிளாக்கர் பக்கத்திலேயே நின்றார். அவர் மனம் கோணக்கூடாதே என்று சாமியார், பாட்டு சரியாக வராவிட்டால் இனி எல்லாமே ஆர்மோனியத்தோடுதான் என்றும் சேர்த்துச் சொன்னார். ஆக, அந்த ஒரு பாட்டில்தான் எல்லாம் நின்றது.

பழகுவதற்கு நேரம் ஏது? விடியுமுன் பெரட்டில் ஆள் கணக்கு, அந்தியில் அடுப்பு. அதனால் மலையிலேயே பழகினார்கள். கொழுந்து மலையில் ஆளுக்கொரு நிரை. பவுலின், ராக்காயி, லெட்சுமி எல்லாரும் எத்தனையோ வருசமாக அடுத்தடுத்த நிரையில் நிற்கிற கூட்டாளிகள். பவுலின் முதல் அடியைப் போட்டால் அடுத்த நிரைக்காரி இரண்டாவதைப் பிடிப்பாள், அவள் இறக்கியதை அதற்கடுத்தவள் ஏந்திக்கொள்வாள். கை இரண்டும் கொழுந்தில் இருக்கும். பாட்டு மட்டும் நிரைக்கு நிரை தாவி மலையின் அந்தக் கடைசிக்குப் போய்ச் சேரும். சோலைமலைக் கங்காணி முதலில் கத்தினார், பாடினால் அரைநாள் கூலிக்குத்தான் பேர் போடுவேன் என்றார். மறுவாரம் அவரே, நேற்று ரெண்டாவது அடி கொஞ்சம் தொங்கிப் போச்சே என்று ராக்காயியிடம் குறை சொன்னாராம்.

முதல் தமிழ்ப் பூசை வந்தது. நான் மணியடித்தேன். பவுலின் எழுந்து முதல் அடியைத் தூக்கினாள். அப்படியே மேலே போய் நின்றது.

இரண்டாவது அடி வரவில்லை.

வராது. இரண்டாவது அடி ராக்காயியுடையது. ராக்காயி மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறவள்; பூசைக்கு ஏன் வரப்போகிறாள்? ஐந்தாவது அடி லெட்சுமியுடையது. அவளும் அப்படித்தான். மலையில் யார் ஞானஸ்நானம் வாங்கிய வேதக்காரி, யார் மாரியம்மன் கோயில்காரி என்று யார் பார்த்தது? பவுலின் பார்க்கவில்லை. சாமியார் கேட்கவில்லை. தினமும் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டு கவ்வாத்து வெட்டிய எனக்கும் உறைக்கவில்லை. மூன்றாவது அடிக்காரி காத்திருந்து பார்த்துவிட்டு, எங்கே பிடிப்பது என்று தெரியாமல் எங்கேயோ பிடித்தாள். நாலாவது வேறு சுதியில் வந்தது. பிறகு இன்னொரு ஓட்டை. பவுலின் தானே அதை நிரப்பப் பார்த்தாள். குரல் அந்த ஆழத்துக்கு இறங்கவில்லை. முன்வரிசையில் ஆபீஸ்காரர்களின் பிள்ளைகள் சிரித்தார்கள். பெரிய கிளாக்கர் மகளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஆர்மோனியம் தொடங்கிவிட்டது.

மறுநாள் மலையில் இதைக் கேட்ட ராக்காயி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடி கூறுகெட்டவளே, ஒரு வார்த்தை சொன்னா நான் வரமாட்டேனா? என் அடியை அந்தரத்துல விட்டுட்டு வந்து நிக்கிறியே."

சாமியார் இளகின மனசுக்காரர். ஆனி மாதத்து அந்தோணியார் திருநாளில் இன்னொரு தடவை பாருங்கள் என்றார். அந்த இரண்டு அடியையும் வேதக்காரப் பெண்கள் யாரையாவது பழகச் சொன்னால் முடிந்தது என்று பெரிய கிளாக்கர் யோசனை சொன்னார். இராயப்பனுக்கும் அது நியாயமாகப் பட்டது. பவுலின் கேட்கவில்லை. அவள் குரல் மேலே போகிற குரல். அதைப் பிடித்துத் தரைக்குக் கொண்டுவர ராக்காயியின் அகலமான குரல் வேண்டும். வேறு யார் பாடினாலும் பாட்டு கிளையில் மாட்டிய துணிபோல அங்கேயே கிழியும். மாற்றி மாற்றிப் பாடச்சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

திருநாளன்று நல்ல மழை. பவுலின் தன் கூட்டத்தை மலையில் நிற்கிற அதே வரிசையில் கூட்டிக்கொண்டு வந்தாள். ராக்காயி நெற்றியில் திருநீறு, லெட்சுமி தலையில் கனகாம்பரம். பெரிய கிளாக்கர் வாசலில் குடையை விரித்து நின்றார். ஞானஸ்நானம் வாங்காதவர்கள் பூசையில் பாடினால் அது பாவம், மேலிடத்துக்குத் தெரிந்தால் கோயிலையே பூட்டுவார்கள் என்றார். எங்கே எழுதியிருக்கிறது என்று நான் கேட்டேன். மணியடிக்கிறவன் மணியை மட்டும் பார் என்றார். கையில் கவ்வாத்துக் கத்தி இல்லாதது நல்லதாய்ப் போயிற்று.

பவுலின் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நல்ல கொழுந்தை எல்லாம் ஸ்டோருக்குக் குடுத்துட்டோம்ங்க ஐயா. முத்தலைப் பொறுக்கிச் சாமிக்குக் குடுக்கச் சொல்றீங்களா?"

வாசலில் கூட்டத்தைப் பார்த்துச் சாமியார் பூசை உடுப்போடு வந்தார். ராக்காயியைப் பார்த்து, உனக்கு இங்கே பாட என்னம்மா ஆசை என்று கேட்டார்.

"எனக்கு ஆசை ஒண்ணும் இல்லைங்க சாமி. நான் இல்லாம இவ அந்தரத்துல நிக்கிறா."

சாமியார் சிரித்துவிட்டார். பிறகு பெரிய கிளாக்கரின் முகத்தைப் பார்த்தார், சிரிப்பு நின்றது. சப்பரம் சுற்றும்போது வெளியே எல்லாரும் சேர்ந்து பாடுங்கள், பூசையில் இன்றைக்கு ஆர்மோனியமே இருக்கட்டும் என்றார். இரண்டு பக்கமும் திருப்தி என்று நினைத்திருப்பார். ராக்காயியும் லெட்சுமியும் வாசல்படியில் தாவாரத்துக்குக் கீழே ஒதுங்கினார்கள். மற்றவர்கள் பவுலினோடு உள்ளே போய் நின்றார்கள்.

ஆர்மோனியம் பாடி முடித்தது. சாமியார் பீடத்திலிருந்து கையை விரித்து, "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்றார்.

பதில் இல்லை.

யாரும் யாருக்கும் சொல்லிவைக்கவில்லை. பவுலின் வாயை மூடிக்கொண்டு நேரே பார்த்தாள். அவளைப் பார்த்துப் பக்கத்தில் நின்றவள், அவளைப் பார்த்து ஆண்கள் வரிசை, எல்லார் வாயும் மூடிக்கொண்டது. என் வாயும்தான். தகரத்தில் மழை மட்டும் பேசியது. பெரிய கிளாக்கர் ஒருவர் மட்டும் உரக்கப் பதில் சொன்னார். அடுத்ததற்கும் அவர்தான், அதற்கடுத்ததற்கும் அவர்தான். நூறு பேர் நிற்கிற கோயிலில் ஜனம் என்று ஒரே ஒருவர். காணிக்கை நேரத்தில் அவருக்குத் தொண்டை கட்டி இருமல் வந்தது. றோசலின் வாசிக்கப் போனவள், எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

சாமியார் பவுலின் பக்கம் திரும்பினார்.

"பாடும்மா பவுலின்."

"பாதிப் பாட்டு வெளிய நிக்குதுங்க சாமி."

அவர் வாசலைப் பார்த்தார். அங்கேயே நின்று பாடட்டும் என்றார்.

பவுலின் முதல் அடியைத் தூக்கினாள். கூரைக்குப் போனது. மழைக்குள்ளிருந்து ராக்காயி அதைப் பிடித்து இறக்கினாள், கனத்த கூடையை இன்னொருத்தி கைகொடுத்து இறக்குகிற மாதிரி. மூன்றாவது அடி உள்ளே ஏந்திக்கொண்டது. நுழைவுப் பாட்டைக் காணிக்கையில் பாடினோம், முறை தப்புத்தான். எனக்கு மணியடிக்க வேண்டிய இடம் தப்பிப் போனது.

பூசை முடிந்ததும் சாமியார் பவுலினிடம் வந்து, நன்றாக இருந்தது என்றார். கண் கலங்கியிருந்தது மனுஷனுக்கு. பவுலினுக்குக் கோபத்தில் மூக்குச் சிவந்துதான் கிடந்தது.

"நல்லா இல்லைங்க சாமி. வாசப்படியில நின்ன பயத்துல லெட்சுமி மேல ஏத்திட்டா, ராக்காயி அடி பாதி மழையில போச்சு. இதையா சாமிக்குக் குடுக்கிறது? அடுத்த பூசைக்கு ரெண்டு பேரும் உள்ள நிக்கட்டும். அப்ப கேட்டுட்டுச் சொல்லுங்க, நல்லா இருந்துச்சா இல்லையான்னு."

பெரிய கிளாக்கர் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். சாமியார் இந்தத் தடவை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளேயே நிற்கட்டும் என்றார்.

அடுத்த மாதம் நின்றார்கள். பெரிய கிளாக்கர் குடும்பம் இப்போது அட்டன் கோயிலுக்குப் பூசைக்குப் போகிறது. ஆர்மோனியத்தையும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். போகட்டும். லெட்சுமிதான் இன்னும் அந்த ஐந்தாவது அடியில் கொஞ்சம் மேலே ஏறுகிறாள். பவுலின் திரும்பிப் பார்க்கிறாள்.