வீடு பார்க்க வந்தவர்கள்

இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், தெரியும். நான் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறவள். பிள்ளைகள் பேய் பிசாசு என்று ஆரம்பித்தால் "போர்டைப் பாரு" என்று வாயை அடைத்துவிடுவேன். ராகு காலம்கூடப் பார்த்தது கிடையாது. அப்படிப்பட்டவள்தான் இப்போது தெருவில் மல்லிகைக்காரி குரல் கேட்டால் ஜன்னலைச் சாத்துகிறேன்.

அப்போது பெங்களூர் தொம்மலூரில் இரண்டாவது மாடி ஃபிளாட்டில் இருந்தோம். கணவருக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்து முன்னாலேயே போய்விட்டார். மகள் கீர்த்தனாவின் பத்தாவது பரீட்சை முடிகிறவரை நானும் அவளும் மட்டும் இங்கே, அதற்குள் ஃபிளாட்டை விற்றாக வேண்டும். வீடு விற்றுப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த அவஸ்தை புரியும். வருகிற பார்ட்டி குழாயைத் திருகிப் பார்ப்பார்கள், வாஸ்து பார்க்கக் காம்பஸை நீட்டிக்கொண்டு சமையலறையில் சுற்றுவார்கள், கேட்காமலே என் பீரோவைத் திறப்பார்கள், அப்புறம் "சொல்லி அனுப்பறோம்" என்று போய்விடுவார்கள், அவ்வளவுதான்.

புரோக்கர் மஞ்சுநாத் நல்ல மனுஷன். கீழே கேட்டில் நின்று எனக்கு போன் செய்வார், நான் கீர்த்தனாவுக்குச் செய்வேன், அதற்கப்புறம்தான் அவள் கதவுச் சங்கிலியை எடுப்பாள். வயசுப் பெண் தனியாக இருக்கிற வீட்டில் யார் யாரோ நுழையக் கூடாது என்று நானே செய்த ஏற்பாடு அது.

அன்றைக்கு நானே அதை மீறினேன். எனக்குத் தேர்வு மேற்பார்வை, போனை ஆபீசில் கொடுத்துவிட வேண்டும். காலையில் கிளம்பும்போது, "சாயங்காலம் பார்ட்டி வரும். என் போனுக்காகக் காத்திருக்காதே, திறந்துவிடு. காபி கொடு. உம்முனு நிக்காதே, கொஞ்சம் சிரிச்ச முகமா இரு," என்றேன்.

"வீடு பார்க்க வரவங்க என் மூஞ்சியை எதுக்கும்மா பார்க்கப் போறாங்க?" என்றாள்.

தேர்வு முடிந்து போனை வாங்கினால் கீர்த்தனாவிடமிருந்து ஒரு மெசேஜ். 'அம்மா, அவங்க வந்துட்டாங்க. ஆன்ட்டி ரொம்ப நல்லா பேசறாங்க.' அப்பாடா என்று இருந்தது. அந்த நிம்மதியோடுதான் மஞ்சுநாத்தை அழைத்தேன்.

"சாரி மேடம், ஸ்வல்ப லேட் ஆகுது. பார்ட்டி டிராஃபிக்ல மாட்டிக்கிட்டாங்க. நான் இன்னும் உங்க ஏரியாவுக்கே வரல."

"அப்போ வீட்ல இருக்கறது யாரு?"

"வேற யாருக்காவது சொல்லியிருந்தீங்களா மேடம்?"

யாருக்கும் சொல்லவில்லை. உடனே கீர்த்தனாவுக்குப் போட்டேன். எடுத்தாள். ரகசியம் பேசுகிற மாதிரி, "அப்புறம் பேசறேம்மா, ஆன்ட்டி கேட்டுட்டு இருக்காங்க," என்றாள்.

"என்னடி கேக்கறாங்க?"

"என் நட்சத்திரம்."

கட்டாகிவிட்டது. திரும்பப் போட்டால் எடுக்கவில்லை. ஆட்டோவில் ஏறினேன், மழை பிடித்துக்கொண்டது, ஒவ்வொரு சிக்னலிலும் வண்டி நின்றது. திருடர்கள், பிள்ளை கடத்துகிறவர்கள், என்னென்னவோ நினைத்தேன். வேறு மாதிரி எதுவும் அப்போது தோன்றவே இல்லை, சத்தியமாக.

வாட்ச்மேன் மதியத்திலிருந்து ஒருத்தரும் உள்ளே போகவில்லை என்றான். மாடிக்கு ஓடினேன். வாசலில் செருப்பு எதுவும் இல்லை. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. பெல்லை அடித்தேன். கீர்த்தனா சங்கிலியை எடுத்துவிட்டுத் திறந்தாள்.

நெற்றியில் குங்குமம். தலையில் மல்லிகைச் சரம், இப்போதுதான் கட்டின மாதிரி ஈரமாக. வீட்டில் பூவே கிடையாது. அவள் பூ வைத்துக்கொள்கிற பெண்ணும் இல்லை.

"எங்கடி அவங்க?"

"இங்கதானே உட்கார்ந்திருந்தாங்க," என்று சோபாவைக் காட்டினாள். "காலிங்பெல் அடிச்சதும் திரும்பினேன்."

ஒவ்வொரு ரூமாக, கட்டிலுக்கு அடியில்கூடப் பார்த்தேன். யாருமில்லை. பால்கனிக்குக் கம்பி போட்டிருக்கிறோம், அந்தப் பக்கமாக யாரும் போக முடியாது. டீப்பாயில் இரண்டு தம்ளர் காபி, தொடாமல் ஆடை படிந்து கிடந்தது.

ஒரு அங்கிள், ஒரு ஆன்ட்டி, வாசற்படியில் ஒரு அண்ணன் என்றாள். எந்த ரூமையும் பார்க்கவில்லையாம். காபி கொண்டுவா என்றார்களாம், பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்களாம், பாடத் தெரியுமா என்று கேட்டார்களாம், பால்கனி வரைக்கும் நடந்துவிட்டு வா என்றார்களாம்.

"நடந்தியா?"

"நீதானே சிரிச்ச முகமா இருக்கச் சொன்னே. ஏதோ விளையாட்டுக்குக் கேக்கறாங்கன்னு நினைச்சேன். காபி குடிங்கன்னா, 'முடிவானப்புறம் நாங்க கை நனைக்கிறோம், அவனுக்கு மட்டும் கொடு'ன்னு ஆன்ட்டி சொன்னாங்க. அப்புறம் பிடிச்சிருக்குன்னு சொல்லிப் பூ வச்சுவிட்டாங்க."

அவளுக்குப் புரியவில்லை, நம் கல்யாணப் பேச்செல்லாம் அவள் எங்கே பார்த்திருக்கிறாள். எனக்குப் புரிந்துவிட்டது. என்னையும் இப்படித்தான் ஒரு நாள் கூடத்தில் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். அவர்கள் வீடு பார்க்க வரவில்லை.

வாசற்படிக்கு உள்பக்கம் மூன்றாவது தம்ளர் இருந்தது. காலியாக.

"அந்த அண்ணன் எப்படிடி இருந்தான்?"

"முகத்தைப் பார்க்கலம்மா. குனிஞ்சேதான் நின்னாரு."

பூவைப் பிடுங்கித் தெருமுனைக் குப்பையில் போட்டுவிட்டு வந்து அவள் நெற்றியை அழுந்தத் துடைத்தேன். அதற்குள் மஞ்சுநாத் நிஜப் பார்ட்டியோடு வந்துவிட்டார். வாங்க வந்த கன்னடக்காரம்மா ஹாலில் நின்று மூச்சை இழுத்து, மல்லிகை வாசனை வருகிற வீடு, லட்சணமான வீடு என்றார். நம்புங்கள் நம்பாதிருங்கள், இத்தனை மாதம் விலைபோகாத ஃபிளாட் அன்றைக்கே முடிவாகிவிட்டது.

கோயம்புத்தூர் வந்த பிறகுதான் கீர்த்தனா விட்டுப்போன ஒன்றைச் சொன்னாள். பூ வைக்கும்போது அந்த ஆன்ட்டி அவள் காதருகில், "அவசரம் இல்லம்மா. உன் படிப்பு முடியட்டும், வந்து கூட்டிட்டுப் போறோம்," என்றாளாம்.

இப்போது கீர்த்தனா காலேஜ் கடைசி வருஷம். எம்.எஸ்சி. சேர், பி.எட். சேர், தட்டச்சாவது கற்றுக்கொள் என்று நான் அவளை நச்சரிக்காத நாளில்லை. கணவருக்கு என் மேல் எரிச்சல். போன வாரம் கண்ணாடி முன் நின்று தலை வாரிக்கொண்டிருந்தவள், "படிச்சது போதும்மா," என்றாள், ரொம்ப சாதாரணமாக. சொல்லிக்கொண்டே கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பின்னலைத் தடவிப் பார்த்தாள், வைத்த பூ நழுவாமல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.