நாலாம் ட்ரேயில் ஒரு காப்ஸ்யூல்

இரண்டாயிரமாம் ஆண்டுகளில் லண்டன் ஆய்வுக்கூடமொன்றில் பாசி வளர்ப்பதுதான் என் வேலை. "சுவரில சும்மா முளைக்கிறதுக்குச் சம்பளமோ?" என்று சிரிப்பார் என் கணவர்.

அது சும்மா முளைப்பதுதான் தலைவலி. எங்கள் பாசியில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆண் உயிரணு தண்ணீரில் நீந்திப் பெண் செடியை அடைந்தால்தான் காம்பு எழும்பி, நுனியில் காப்ஸ்யூல் என்கிற வித்துப்பை வரும். துணை இல்லாவிட்டாலும் பாசி ஓயாது. ஒடிந்த இலைத் துணுக்கு ஈரத்தில் விழுந்தால் போதும், முழுச் செடியாகிவிடும். ஆணின் துணுக்கு ஆணாகவே வளரும். ஆகவே ஆண் ட்ரேயைத் தொட்ட போர்செப்ஸ் இடுக்கியை நெருப்பில் காட்டாமல் பெண் ட்ரேயில் வைக்கக்கூடாது.

ஆணே இல்லாமல் பெண் பாசி எவ்வளவு பரவும் என்பதுதான் கவிதாவின் ஆய்வு. கோயம்புத்தூர்ப் பெண், பிஎச்டி கடைசி வருடம்.

ஒரு திங்கள் காலை நாலாம் ட்ரேயைத் திறந்தேன். பெண் ட்ரே. நடுவில் ஒரு காம்பு, நுனியில் காப்ஸ்யூல். அப்படியென்றால் உள்ளே எங்கோ ஆண் இருக்கிறது.

ஆணைக் கொண்டுவந்தது யாரென்று எனக்குத் தெரியும். முந்தின வருடம் ஃபயர் அலார்ம் அடித்தபோது ஆண் ட்ரேயைத் தொட்ட போர்செப்ஸைப் போட்டுவிட்டு ஓடினேன். திரும்பி வந்து, அதை நெருப்பில் காட்டாமலே நாலாம் ட்ரேயில் வேலையைத் தொடர்ந்தேன். அப்போதே உறைத்தது. ஒன்றும் ஆகாது என்று விட்டுவிட்டேன்.

அந்த வாரம்தான் என் வேலையை நிரந்தரமாக்குவது பற்றி முடிவெடுக்க இருந்தார்கள். ஒரே ஒரு காம்பு. பிடுங்கி எறியப் போர்செப்ஸால் பிடித்தும்விட்டேன். ஆனால் அடியில் ஒளிந்திருக்கும் ஆணை எப்படிப் பிடுங்குவது? அது இதற்குள் பலவாகப் பெருகியிருக்கும். கவிதா அவற்றையும் பெண் கணக்கில் எழுதுவாள்.

கதவு திறந்தது. "அக்கா, நாலாம் ட்ரேய இன்னிக்கே எண்ணிடலாமா?"

"ஏலாது பிள்ளை. இஞ்ச வந்து பாரும். நான்தான் பிழை விட்டிட்டன்."

நடந்ததைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்தது. "ஒன்றரை வருஷ வேலை அக்கா! இதப் பிடுங்கிப் போட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"ஓம். அதுதான் எனக்குப் பயமாக் கிடந்தது."

நாலாம் ட்ரேயை அழித்தோம். மற்ற ட்ரேக்களை மைக்ரோஸ்கோப்பில் செடி செடியாகப் பார்த்தோம், பக்கத்தில் பக்கத்தில் இருந்து. அவை சுத்தமாக இருந்தன. என் நிரந்தர வேலை தள்ளிப்போனது. எரிச்சல் வந்தது, ஆனால் யாரை நோவது?

பட்டம் கிடைத்ததும் கவிதா தன் ஆய்வேட்டின் பிரதி ஒன்றைத் தந்தாள். வீட்டுக்கு, ஹரோ போகும் ரயிலில் புரட்டினேன். நாலாம் ட்ரே ஏன் நீக்கப்பட்டது என்று எழுதி, பராமரிப்பாளர் தவறை அன்றே தெரிவித்ததால் மற்றவை தப்பின என்று முடித்திருந்தாள்.

அன்றே என்கிறாள். நான் சொன்னது ஒரு வருடம் கழித்து. புதிதாக வேலைக்கு வருபவர்களே, அலார்ம் நின்ற அந்த நிமிடமே சொல்லிவிடுங்கள்.